பெயர் மறைத்த தாள்

ஜூன் 12

அக்கா,

பயப்படாதே, இது சண்டைக் கடிதம் இல்லை. சண்டை என்றால் காகிதத்தில், சமாதானம் ஆனால்தான் பேச்சு என்று அம்மா போட்ட சட்டம் எனக்கு மறக்கவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் சத்தம் ஆகாது. அதனால் நாம் இரண்டு பேரும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒருவரையொருவர் திட்டி எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில் செருகி வைப்போமே. இது அந்த ரகம் இல்லை. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தொழில் உதவி மையத்துக்கு நாங்களும் விண்ணப்பம் போட்டிருந்தோம். வேண்டுமென்றேதான் உன்னிடம் சொல்லவில்லை. "அக்கா உள்ள உக்காந்திருக்கா, உனக்கென்னடி கவலை" என்று எங்கள் நெட்டச்சி ஒரு தடவை சொன்னபோது சுருக்கென்று தைத்தது. விண்ணப்பத்தில் இருக்கும் பெயர் மேல் பழுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும், மார்க் போடுகிறவருக்கு ஆள் யாரென்று தெரியக்கூடாது என்று மல்லுக்கு நின்று கொண்டுவந்தவள் நீ. உன்னிடம் போய் முன்கூட்டியே காதைக் கடித்தால் அதைவிடக் கேவலம் உண்டா? அந்தக் காகிதத்துக்கு அடியில் இருந்தபடியே ஜெயித்துவிட்டு, அப்புறம் உன் முன்னால் வந்து நின்று சிரிக்கலாம் என்று இருந்தேன்.

சிரிக்க வழியில்லை. நேற்று பதில் வந்துவிட்டது. அறுபதுக்கு நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து இருந்தால் கிடைத்திருக்குமாம்.

நாங்கள் நாலு பேர். நான், தையல்காரி, பால்காரி, போஸ்ட்மேன் சம்சாரமான நெட்டச்சி. பழைய உரக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து சோப்பு போடுகிறோம் என்று உனக்குத் தெரியும். எத்தனை தடவை கழுவினாலும் அந்த இடத்தில் உர வாசனை போகவில்லை, சோப்பு வாசனையும் தோற்கவில்லை, இரண்டும் சக்களத்திகள் மாதிரி குடியிருக்கின்றன. தோலை அரிக்கிற காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கிற வேலை என்னுடையது. கொட்டினவுடன் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும், ஆவி மூக்கில் ஏறும். இப்போதைக்கு பிளாஸ்டிக் வாளியும் மரத் துடுப்பும்தான். நாங்கள் கேட்டது மூடி போட்ட கலவை மெஷின் ஒன்று, நகரத்துச் சந்தையில் ஒரு வருஷத்துக்குக் கடை ஒன்று. மூடியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று நான் கனவே கண்டுவிட்டேன்.

தையல்காரி தையல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இதில் இறங்கியவள். நேற்று முழுக்க அந்தப் பதில் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பால்காரிதான், "ரெண்டு மார்க்குக்கா இந்த ஒப்பாரி? நான் கணக்குல ரெண்டு மார்க்கே வாங்கினவ" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

உன்னிடம் ஒரே ஒரு உதவி. எந்தக் கேள்வியில் கோட்டைவிட்டோம் என்று மட்டும் விசாரித்துச் சொல். அடுத்த வருஷம் அதைச் சரிசெய்து திரும்பவும் போடுவோம். நீ சங்கடப்படாதே. உனக்குத் தெரியாமல் நடந்தது, உன் மேல் ஒரு குறையும் இல்லை.

தோற்றாலும் வாசனையாக இருக்கும்
உன் தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. ஆண்டு முடிவறிக்கை வேலை தலைக்குமேல் இருக்கிறது.

தனித்தனி மதிப்பெண்களை வெளியே சொல்ல மையத்தின் விதியில் இடமில்லை. பொதுவாகச் சொல்லக் கூடியதைச் சொல்கிறேன். இந்த ஆண்டு நூற்றுப் பதினாறு விண்ணப்பங்கள் வந்தன. கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இரண்டு குழுக்களுக்குத்தான் உதவி. நகரத்தில் ஒரு சந்துக்குள் இருந்துகொண்டு பை தைக்கும் எட்டுப் பேருக்கும், கிராமத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஐந்து பேருக்கும் கிடைத்தது. இரண்டு குழுவிடமும் விண்ணப்பிக்கும்போதே பெரிய ஆர்டர் கையில் இருந்தது. பொருள் நல்லது என்பது மட்டும் போதாது. வாங்க ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நீங்கள் வாரச் சந்தையில் விற்றதை மட்டும்தான் காட்டியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டுக்குள் பெரிய ஆர்டர் ஒன்றாவது பிடித்துவிடுங்கள்.

'ஏன் இந்தத் தொழில்?' என்பது முதல் கேள்வி. தலை வாரிவிடும்போது பிள்ளைகளின் முடி அம்மாவின் விரல் வெடிப்புகளில் சிக்கிக்கொள்ளும் என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு மனம் இளகும். மனம் இளகுவதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கே தொழிலைப் பற்றி எழுத வேண்டும்.

காஸ்டிக் வேலை செய்யும்போது கண்ணாடி இல்லாமல் நிற்காதே. கையுறையும் வேண்டும். வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து கலக்காதே. உனக்குப் பொறுமை குறைவு, அதனால் சொல்கிறேன். மாப்பிள்ளை லாரியோடு எப்போது திரும்புகிறார்?

மனதைத் தளரவிடாதே.

அக்கா


ஜூன் 25

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் ஒரு வரியில் இடறினேன்.

நான் உனக்கு எழுதியதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வேன். முடி சிக்கியதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதை நான் விண்ணப்பத்தில் மட்டும்தான் எழுதினேன், அதுவும் மூன்று நாள் யோசித்து. அப்படியானால் நீ என் தாளைப் படித்திருக்கிறாய்.

படித்ததில் தப்பில்லை, அது உன் வேலை. ஆனால் யார் தாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? விண்ணப்பத்தைக் கைப்பட எழுத வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். அரிசி டப்பாவுக்கு அடியில் என் எழுத்தை எத்தனை வருஷம் படித்திருக்கிறாய். வரி போகப்போக மலை ஏறுகிறது என்று நீதானே கிண்டல் செய்வாய். போதாததற்கு அம்மாவின் விரல். அந்த விரலில் சிக்கியது என் முடி மட்டுமா? உன் முடியும்தான். நீதான் அதிகம் கத்துவாய்.

அடையாளம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் பெருமையடித்திருக்கிறாய். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லி, அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மார்க் போடும் மற்ற இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். நீ வெளியே போனாயா? போனேன் என்று ஒரே வார்த்தை எழுது, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

போகவில்லை என்றால், எத்தனை மார்க் போட்டாய்? எனக்கு அந்த ஒரு எண் போதும். அள்ளிப் போட்டிருந்தாலும் எனக்கு அவமானம்தான். குறைத்துப் போட்டிருந்தால் அதை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா, நான் உன்னை நம்பி அந்தக் காகிதத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தேன்.

இது சண்டைக் கடிதம்தான். போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன்.


ஜூலை 3

தங்கைக்கு,

ஆறு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. சரி, எழுத்திலேயே பேசுவோம்.

நான் அந்த மையத்தில் சேர்ந்தபோது என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியாது. முன்பிருந்த தலைவரின் மச்சானுக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து உதவி போனது. அவர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை. உண்மையாக உழைக்கிறவர்கள் வாசலில் வெயிலில் நின்று திரும்பிப் போனார்கள். அதை நிறுத்தியது நான் கொண்டுவந்த அந்தப் பழுப்புக் காகிதம். அதற்காக எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் தெரியுமா? என் நாற்காலி இன்றைக்கும் பல பேர் கண்ணை உறுத்துகிறது. 'அவளும் ஒருநாள் சறுக்குவா' என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீயும் யோசித்துப் பார். விண்ணப்பம் போடப் போகிறேன் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இந்த ஆண்டு மதிப்பிடும் வேலையிலிருந்தே விலகியிருப்பேன். ஆச்சரியப்படுத்த நினைத்தாய். அது நூற்றுப் பதினாறு குழுக்களின் பிழைப்பு சம்பந்தப்பட்ட இடம், விளையாட்டு மைதானம் இல்லை.

நீ கேட்கும் எண்ணைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தயவுசெய்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்காதே. அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அதற்கு விதியில் இடம் உண்டு.

சாப்பிடாமல் கொள்ளாமல் இருக்காதே.

அக்கா


ஜூலை 12

அக்கா,

வெளியே போனேன் என்றும் எழுதவில்லை. எண்ணும் வரவில்லை. நான் சொல்லாதது தப்பு என்று மட்டும் ஒரு பத்தி வந்திருக்கிறது.

பெரிய ஆர்டர் வேண்டும் என்றாயே, பிடித்துவிட்டோம். நகரத்தில் ஏழு விடுதிகள். தையல்காரியும் நானும் பஸ்ஸில் சோப்பைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கிப் பிடித்தது. மாதம் மூவாயிரம் சோப்பு. ஒரு நாளில் ஒரு வாளி கரைத்த இடத்தில் இப்போது வாளிக்கு இரட்டை அளவு போட்டு இரண்டு தடவை கரைக்கிறேன். நீ சொன்ன கண்ணாடியும் வாங்கியாயிற்று, நாலு பேருக்கு ஒன்று. ஆவி படிந்தால் எதிரில் நிற்பது பால்காரியா, பால்காரியின் மாடா என்று தெரியாது. ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் யாரும் 'வாங்க ஆள் இருக்கா' என்று எங்களைக் கேட்க முடியாது. அதுவரை நீ எனக்கு எதையும் சொல்லித் தர வேண்டாம். எண் எழுதினால் பதில் எழுதுவேன்.


நவம்பர் 9

என் தங்கைக்கு,

ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு, போன மாதம் ஒன்று என்று எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எண் இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது என்று சொன்னாய், சொன்ன சொல்லில் நிற்கிறாய். அம்மாவின் பிடிவாதம் முழுக்க உனக்குத்தான் வந்தது.

போன வாரம் ஒரு வேலையாக மாணவிகள் விடுதிக்குப் போயிருந்தேன். கை கழுவப் போன இடத்தில் உங்கள் சோப்பு இருந்தது. நீ முன்பு எனக்குக் கொடுத்தனுப்பிய சோப்பில் இருந்த மாதிரியே, ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பள்ளம் வைத்த அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டு, "நல்ல சோப்பும்மா. இது வந்ததுலேருந்து எனக்குக் கை வெடிக்கறதே இல்ல" என்று சொல்லி, ஈரக்கையைத் துடைத்து விரித்துக் காட்டினார். பத்து விரலும் நன்றாக இருந்தன. நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அம்மாள் பயந்துபோய் எனக்கு நாற்காலி போட்டார்.

எண்ணை எழுதுகிறேன். ஒன்பது.

இருபதுக்கு ஒன்பது. மற்ற இருவரும் பதினேழு, பதினேழு போட்டிருந்தார்கள். நான் பதினொன்று போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும். உன் தாள் எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தாளைக் கவிழ்த்து வைக்கத்தான் போனேன், கையும் போனது. அப்போது ஒரு எண்ணம் வந்தது. நான் எழுந்து வெளியே போனால் இது என் தங்கையுடையது என்று அந்த இருவருக்கும் புரிந்துவிடும். என் முகத்துக்காகக் கொடுத்துவிடுவார்கள். எட்டு வருஷம் கட்டிய பெயர் ஒரே நாளில் போய்விடும். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். நேர்மையாக மதிப்பிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசத்தில் கூட்டிப் போட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கேள்வியிலும் ஒன்று இரண்டாகக் குறைத்தேன். நேர்மை என்று நினைத்துத்தான் குறைத்தேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பேனாவை மூடினேன். முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அப்பா போனபிறகு யாராவது ஒருத்தி மாதச் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று வந்தபோது நான் போனேன். நீ படித்தாய், பிடித்ததைச் செய்தாய். உன் தாளில் 'நாங்கள் நாலு பேரும் இதற்கு முதலாளிகள்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது என் வயிற்றில் எதுவோ எரிந்தது. யார் யாரையோ தொழில் தொடங்க வைத்தே எனக்கு வயசாகிவிட்டது, என் தங்கைகூட முதலாளி, நான் பைல் தூக்குகிறவள் என்று நினைத்தேன். அந்த எரிச்சலுக்கு எத்தனை மதிப்பெண் போனது என்று எனக்கே தெரியாது.

அந்த இருவரிடமும் சொல்லப் போகிறேன். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. நீ மட்டும் படி. படித்துவிட்டுக் கிழித்தாலும் சரி.

உன் அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்ப்பீர்கள். நான் தையல்காரி. கடிதம் உங்கள் தங்கையுடையது, கை மட்டும் என்னுடையது. அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன் என் பங்குக்குச் சிலது எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் பதினாறாம் தேதி காலையில் இரண்டாவது வாளி கரைக்கும்போது, அளவு அதிகமாகிச் சூட்டில் வாளியின் பக்கம் இளகிவிட்டது. கண்ணாடி போட்டுத்தான் இருந்தாள். ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு நிமிஷம் நெற்றிக்கு ஏற்றினாள், வாளி பிளந்து முகத்தில் தெறித்தது அந்த நிமிஷம்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைப் பிடித்து அமுக்கினோம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு கழுவினோம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. இதற்குமேல் தெரியாது என்று பெரிய ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் லாரியை விட்டுவிட்டு வந்து கூடவே இருக்கிறார்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். "எண் வரட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றாள். உங்கள் பழைய கடிதங்களைப் பிரித்து, எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுவாள். இல்லை என்பேன். மடித்து வை என்பாள்.

இந்தத் தடவை கடிதம் கனமாக இருந்தது. நல்ல சேதிதான் என்று நெட்டச்சி அவள் வீட்டுக்காரரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். கிடங்கில் நாங்கள் எல்லோரும் இருந்தோம், அவளும் சோப்பு ஆறும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பைத் தடவித்தடவிப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் உரக்கப் படித்தேன். ஒன்பது என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன். "படி" என்றாள். யாரிடமும் காட்டாதே என்று நீங்கள் எழுதியது கடைசியில் இருந்தது அக்கா. அது வரும்போது நாங்கள் நாலு பேரும் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தோம். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். அவளுக்கு இனி யாராவது படித்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் விடுதியில் பார்த்த சோப்பு அவள் கரைத்ததுதான். நாற்பது நாள் ஆற வைத்துத்தான் அனுப்புவோம். கட்டைவிரல் அடையாளமும் அவளுடையது.

இனி அவள் சொல்வது.

"அக்கா, எண் எழுதினதுக்கு நன்றி. பதில் எழுதுவேன்னு சொன்னேன், எழுதறேன். பதினொண்ணு போட்டிருந்தா கிடைச்சிருக்கும்னு ஏன் எழுதினே? அதை எழுதாம இருந்திருக்கலாம். ஒன்பதோட நிறுத்தியிருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். இப்ப படுத்தா பத்து, பதினொண்ணுன்னு எண்ணிக்கிட்டே கிடக்கேன்.

நீ வயித்தெரிச்சல் பட்டேன்னு எழுதினதுக்கு எனக்குக் கோபமே வரல. அது ஒண்ணுதான் அந்தக் கடிதத்துல என் அக்கா எழுதின மாதிரி இருந்துச்சு. எனக்குக் கோபம் எதுல தெரியுமா? நீ எழுந்து வெளிய போயிருந்தா போதும். எனக்குக் கிடைக்காமலே போயிருந்தாலும் நான் சும்மா இருந்திருப்பேன்.

தொழிலை நிறுத்தல. இப்ப பால்காரி கரைக்கறா, ஒத்தை அளவுதான், இரும்பு வாளி. ஆர்டரைப் பாதியாக் குறைச்சுக்கிட்டோம். இந்த வருஷமும் விண்ணப்பம் போடுவோம். முதல் கேள்விக்கு அதே பதில்தான். முடி சிக்கினதை மாத்த மாட்டேன்.

உன் மேல கோபம் இல்லைன்னு எழுதுடின்னா தையல்காரி எழுத மாட்டேங்கறா. பொய் எழுத மாட்டாளாம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

தையல்காரி


நவம்பர் 27

என் கண்ணே,

இதற்குமேல் இப்படி உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட பழக்கம், கை எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. அடித்துத் திருத்தவில்லை. அப்படியே விடுகிறேன்.

கடிதம் வந்த அன்றைக்கே பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். ஏறவில்லை. உன் எதிரில் வந்து நின்றால் நீ என்னைப் பார்க்க மாட்டாய், நான் மட்டும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு இன்னொரு பழுப்புக் காகிதம் மாதிரி இருந்தது. நீ வா என்று சொல்லாமல் வரக் கூடாது என்று திரும்பிவிட்டேன்.

மதிப்பீட்டுக் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இன்னொருவர், "மேடம், நீங்க வெளிய போயிருந்தா நாங்க அதே பதினேழைத்தான் போட்டிருப்போம். உங்க முகத்துக்காகப் போட மாட்டோம், அந்த அளவுக்கு எங்களை நம்பலையா?" என்று கேட்டார். மதிப்பிடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது வாசலில் உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கி, பெயர் மேல் காகிதம் ஒட்டுகிறேன். அதைச் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறது.

நீ படிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், சோப்பு புரட்ட ஒரு ஆள் வேண்டும். வரட்டுமா? ஒரு சொல் போதும்.

தையல்காரி அம்மா, இதையும் நீங்கள்தான் படிப்பீர்கள். அவள் தலையை உங்களுக்கு நேரமிருக்கும்போது வாரிவிடுங்கள். வலது பக்கம் சிக்கு அதிகம் விழும்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நீ அதற்குப்பிறகு எழுதின ஆறு கடிதமும் தையல்காரி படித்தாள். எல்லாவற்றிலும் வரட்டுமா என்று கேட்டிருந்தாய்.

மெஷின் நேற்று வந்தது. ஐம்பத்து மூன்று மார்க்காம். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல கனம், ஓரத்தில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். சத்தம் ஒரே சீராக வருகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூடியின் மேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஒரு வருஷம் அக்கா.

வா என்று சொல்ல மனசு வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. போன் பண்ணாதே. நாம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறோம்.

தையல்காரி அட்டையில் வரி வரியாக ஜன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் விரலை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். இதை முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அப்படியும் கடைசியில் வரி மலை ஏறிப்போயிருக்கும்.

இது என் கையெழுத்துதான். அடையாளம் தெரிகிறதா? அன்றைக்குத் தெரிந்ததே.